கோழித் தீவனத்தில் கடைச்சரக்கு

ஈரோட்டு மஞ்சள் மண்டிகளிலிருந்து நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் போகும் தூரம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். மேற்கே திரும்பினால் பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழிக் கொட்டகைகளும் அதை ஒத்த தூரத்தில்தான் இருக்கின்றன. விரலி என்றும் கிழங்கு என்றும் பிரிக்கப்பட்டு ஏலத்துக்குக் காத்திருக்கும் மஞ்சளும், கூண்டு வரிசைகளில் தீவனத்துக்காகக் கழுத்தை நீட்டும் இலட்சக்கணக்கான பட்சிகளும் இவ்வளவு அருகில் வாழ்ந்தும், நெடுங்காலமாக அவை சந்தித்த இடம் நம் சமையலறை ஒன்றுதான். கோழி உயிரோடிருக்கும் காலத்திலேயே அது உண்ணும் ஆகாரத்தில் மஞ்சளையும் மிளகையும் ஓமத்தையும் பூண்டையும் அளவறிந்து சேர்த்தால் அதன் தேகம் செழிக்குமா, நோய் குறையுமா, அந்த முட்டையையும் இறைச்சியையும் உண்ணும் மனிதனுக்கு அதனால் நன்மை உண்டா என்ற கேள்வி, கடந்த சில பத்தாண்டுகளாகப் பல தேசங்களின் ஆராய்ச்சிக் கூடங்களில் சிரத்தையோடு ஆராயப்பட்டு வருகிறது.

நம் கிராமத்துப் பெண்களுக்கு இது புதிய விஷயமன்று. புழக்கடையில் மேயும் நாட்டுக்கோழி இறகைத் தொங்கவிட்டு ஒரு மூலையில் ஒதுங்கி நின்றால், சின்ன வெங்காயத்தோடு சீரகத்தையும் மிளகையும் மஞ்சளையும் வைத்து அரைத்து, நொய்யரிசியில் பிசைந்து ஊட்டிவிடுவது தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த வைத்தியம். ஆயினும் பத்துக் கோழிகளுக்குக் கைப்பிடி அளவில் செய்த வைத்தியத்தை, ஐயாயிரம் கோழிகள் ஒரே கூரையின்கீழ் நெருங்கி வாழும் கொட்டகைக்கு அப்படியே கொண்டு போய்விட முடியுமென்று எண்ணுவது தவறு. அங்கே அளவு மாறுகிறது, நோயின் வேகம் மாறுகிறது, கோழியின் ஜாதியே மாறிவிடுகிறது. ஆகவே இந்தப் பழைய அனுபவத்தைப் பரிசோதனையின் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது அவசியமாகிறது.

இந்த ஆராய்ச்சி ஏன் பிறந்தது என்பதை அறிய, ஆன்ட்டிபயாடிக் மருந்துகள் கோழித் தீவனத்துக்குள் நுழைந்த கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள பேர்ல் ரிவர் என்னும் ஊரில் லெடர்லி ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கடல் கடந்து சென்று, அக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராக உயர்ந்த எல்லாப்பிரகட சுப்பாராவின் மேற்பார்வையில்தான் ஆரியோமைசின் என்ற மகத்தான ஔஷதம் அங்கே உருவாயிற்று. அம்மருந்தை உண்டாக்கும் நுண்ணுயிரை வளர்த்த பின் எஞ்சிய சக்கையை, அதில் பி12 வைட்டமின் இருக்குமென்று கருதி, தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இரு விஞ்ஞானிகள் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமினால் விளையக்கூடிய வளர்ச்சியைவிட அதிகமான வளர்ச்சி அக்குஞ்சுகளிடம் காணப்பட்டது. சக்கையில் ஒட்டியிருந்த மருந்தின் மிச்சமே அதற்குக் காரணமென்று பின்னர் தெளிவாயிற்று. 1950ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியானது முதல், நோயில்லாத கோழிக்கும் தினந்தோறும் சிறிதளவு ஆன்ட்டிபயாடிக் ஊட்டும் வழக்கம் உலகமெங்கும் பரவிற்று. 1948இல் காலமாகிவிட்ட சுப்பாராவ், மனிதர்களின் நோய் தீர்க்க உருவான தம் கூடத்தின் மருந்து இவ்வாறு மூட்டை மூட்டையாகத் தீவனத்தில் கலக்கப்பட்டதைக் காணவில்லை.

கொல்லும் அளவுக்குக் குறைவாகவும் நாள் தவறாமலும் ஒரு மருந்தைக் கிருமிகளுக்குக் காட்டிக்கொண்டே இருந்தால், அதைத் தாங்கிப் பிழைக்கும் கிருமிகளே மிஞ்சிப் பெருகும். பிரிட்டனில் 1969இல் அறிக்கை தந்த ஸ்வான் குழு, மனித வைத்தியத்துக்கு வேண்டிய மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சேர்க்கலாகாதென்று எச்சரித்தது. சுவீடன் 1986இல் வளர்ச்சிக்கான பிரயோகத்தை அறவே நிறுத்தியது. டென்மார்க்கில் கறிக்கோழி வளர்ப்போர் 1998இல் தாமாகவே முன்வந்து நிறுத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியோடு எஞ்சியிருந்தவற்றையும் விலக்கியது. வேறு மருந்துகள் பலிக்காதபோது மருத்துவர்கள் கடைசிப் புகலிடமாகக் கையாளும் கோலிஸ்டின் என்ற மருந்தையும் எதிர்க்கும் மரபணு ஒன்று, கிருமியிலிருந்து கிருமிக்கு எளிதில் தாவவல்லதாகப் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் பரவியிருப்பது சீனாவில் 2015இல் வெளிப்பட்டது. நம் மத்திய அரசு 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கப்படும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டினைக் கொடுக்கக் கூடாதென்று தடை விதித்தது. நாமக்கல் முட்டை சத்துணவுக் கூடங்களில் ஏழைக் குழந்தைகளின் தட்டுக்கு வருகிறது. அந்தக் குழந்தைக்கு நாளை ஒரு கடுஞ்சுரம் கண்டால் கொடுக்க வேண்டிய மருந்து பலனற்றுப் போகாமல் காப்பது, கோழித் தீவனத்தைப் பற்றி எழுதும் எவரும் முதலில் எண்ண வேண்டிய காரியம்.

மருந்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? இக்காலத்துக் கறிக்கோழி ஏறக்குறைய நாற்பது நாளில் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடுகிறது. அதற்குள் மூன்றே கால் கிலோவை ஒட்டிய தீவனத்தை உண்டு செரிக்கிறது. வளர்ப்புச் செலவில் பெரும் பங்கு தீவனத்துக்கே போவதால், எத்தனை கிலோ தீவனத்துக்கு எத்தனை கிலோ எடை என்ற கணக்கைப் பண்ணைக்காரர்கள் எஃப்.சி.ஆர். என்று சொல்லி நாள்தோறும் கவலையோடு பார்க்கிறார்கள். கோழியின் குடல் செம்மையாக இருந்தால் அக்கணக்குச் சரியாக வரும். குடலில் கெட்ட கிருமிகள் பெருகினால் உண்டது உடம்பில் ஒட்டாமல் கழிச்சலாகப் போகும், கீழே பரப்பிய கூளம் ஈரமாகும், ஈரத்திலிருந்து அம்மோனியா வாடை எழும், அதனால் கண்ணும் மூச்சுக்குழலும் கெடும். ஆகவே நாம் தேடுவது குடலைக் காக்கும் பொருளை. நம் கடைச்சரக்குகளின் தனிச் சாமர்த்தியம் பெரும்பாலும் குடலில்தான் வெளிப்படுகிறது.

மிளகாயிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் கோழியைப் பற்றிய அதிசயங்களில் இது முதன்மையானதென்பது என் அபிப்பிராயம். மனிதன் நாவிலே தீப்பட்டதுபோல் துடிக்கும் மிளகாய் விதையைக் கோழி யாதொரு சலனமுமின்றிக் கொத்தி விழுங்குகிறது. நம் நரம்புகளில் வெப்பத்தை உணரும் ஒருவகைப் புரதம் இருக்கிறது. மிளகாயின் காரச்சத்தாகிய கேப்சைசின் அப்புரதத்தோடு இணையும்போது, உண்மையில் சூடு இல்லாதிருந்தும் சுட்டதாக மூளைக்குச் செய்தி போகிறது. கோழியிடமும் அப்புரதம் உண்டு, அது வெப்பத்தை நன்றாகவே உணர்கிறது. ஆனால் அதன் அமைப்பிலுள்ள சிறு வேறுபாட்டால் கேப்சைசின் அதனோடு பொருந்துவதில்லை. இதை 2002இல் நிறுவியவர்கள் ஸ்வென் எரிக் ஜோர்ட், டேவிட் ஜூலியஸ் என்போர்; பின்னவர் இத்துறையில் செய்த பணிக்காக 2021இல் நோபல் பரிசு பெற்றார். இயற்கை ஏன் இவ்வாறு வகுத்தது என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்துக் காட்டு மிளகாயை டியூக்ஸ்பரி, நப்ஹான் என்ற இருவர் ஆராய்ந்து 2001இல் எழுதியபடி, எலியினத்துப் பிராணிகளின் வயிற்றில் அகப்பட்ட விதை முளைப்பதில்லை, பட்சியின் வயிற்றைக் கடந்து வந்த விதை பழுதின்றி முளைக்கிறது. தன் வம்சத்தைப் பரப்பும் பறவைக்குக் கனியை இனிதாக்கி, விதையை அரைத்து அழிக்கும் எலியைக் காரத்தால் விலக்கும் இந்தச் செடியின் ஏற்பாட்டை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதனால் பண்ணைக்கு விளையும் பயன் என்னவெனில், மனிதனோ பன்றியோ வாய் வைக்க மறுக்கும் அளவுக்கு மிளகாய் கலந்த தீவனத்தையும் கோழி வெறுக்காமல் உண்ணும். மிளகாயின் சிவப்புக்குக் காரணமான சாயச்சத்து முட்டையின் மஞ்சள் கருவில் படிந்து அதற்கு ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தைத் தருகிறது. மக்காச்சோளமும் செண்டுமல்லிப் பூவின் சாறும் தரும் பொன்னிறத்தோடு இது சேர்கையில் வாங்குவோர் விரும்பும் நிறம் கிடைக்கிறது. மஞ்சளை ஊட்டினால் கரு இன்னும் மஞ்சளாகுமென்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று, மஞ்சளின் குர்க்குமின் கருவில் சொற்பமாகவே சேருகிறது. நிறத்தின்மேல் வைத்த ஆசை நெறி தவறினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2006இல் சீனாவில் நடந்தது சாட்சி: வாத்து முட்டையின் கருவைச் சிவக்கச் செய்ய, ஆலைகளில் பயன்படும் சூடான் சாயத்தைத் தீவனத்தில் கலந்தது கண்டுபிடிக்கப்பட்டு, அந்த முட்டைகள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன.

செரிமானத்தின் விஷயத்தில் நமக்குப் பெருமை தரும் ஆராய்ச்சி மைசூரில் நடந்தது. அங்குள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் கல்பனா பிளாட்டெல், சீனிவாசன் ஆகிய இருவரும் மிளகு, இஞ்சி, சீரகம், மஞ்சள், மிளகாய் முதலியவற்றை எலிகளுக்கு ஊட்டி, அவற்றுள் பல பித்தநீரின் சுரப்பை அல்லது தன்மையை மேம்படுத்துவதையும், கணையத்திலும் குடலிலும் ஜீரண நொதிகளின் செயலைக் கூட்டுவதையும் வரிசையாக நிரூபித்தார்கள். நம் பெரியவர்கள் ஜீரணத்துக்கு நல்லதென்று சொல்லி ரசம் வைத்ததற்கு இது சாஸ்திரீயமான ஆதாரம். கோழி எலியன்று என்பது உண்மையே. ஆயினும் கோழிகளிடம் பின்னர் நடந்த பல சோதனைகளிலும் இதே திசையில் முடிவுகள் கிடைத்திருக்கின்றன.

கிருமியை எதிர்க்கும் வன்மையில் ஓமத்துக்கு நிகரானவை சிலவே. ஓமத்தின் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி தைமால் என்னும் சத்து. முதல் உலக யுத்தத்துக்கு முன் நம் நாட்டு ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே அதிலிருந்து தைமால் வடிக்கப்பட்டது. கொக்கிப்புழு நோய்க்கு அக்காலத்து வைத்தியர்கள் அதைத்தான் கொடுத்தார்கள். இன்று ஐரோப்பியப் பண்ணைகளில் ஆரெகானோ என்ற இலையின் எண்ணெய் பெயர் பெற்றிருக்கிறது. அதன் சாரமான கார்வக்ரால் தைமாலின் உடன்பிறப்பு, நம் வீட்டுக் கற்பூரவல்லியிலும் உள்ளது. இவ்விரண்டும் பாக்டீரியாவின் மேலுறையில் புகுந்து அதை ஒழுகச் செய்கின்றன. உறை ஒழுகினால் கிருமி பிழைப்பதில்லை. கிராம்பின் யூஜினாலும் பட்டையின் சின்னமால்டிஹைடும் கிருமியை எதிர்ப்பவையே. பூண்டின் கதை வேறு: முழுப் பல்லில் அல்லிசின் கிடையாது, நசுக்கும்போது ஒரு நொதியின் செயலால் அக்கணமே பிறக்கிறது, பிறந்தது நெடுநேரம் நிலைப்பதுமில்லை. ஆகவே அரைத்த பூண்டை உடனே கொடுப்பதும், மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்த பூண்டுத் தூளைக் கொடுப்பதும் ஒரே பலனைத் தருமென்று எதிர்பார்க்கலாகாது.

மஞ்சளுக்கு நம் நாட்டில் முக்கியமான ஒரு வேலை காத்திருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் விஷமே அதற்குக் காரணமென்று தெரிந்து, அவ்விஷத்துக்கு அஃபிளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். நமது சீதோஷ்ணத்தில், மழையில் நனைந்து அரைகுறையாக உலர்ந்த மக்காச்சோளத்தில் இந்தப் பூஞ்சை தாராளமாகப் பிடிக்கும்; விஷம் கல்லீரலைத் தாக்கி, வளர்ச்சியைக் குன்றச் செய்து, தடுப்பூசியின் பலனையும் குறைத்துவிடும். மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2008இல் வெளியான ஒரு சோதனையில், விஷம் கலந்த தீவனத்தோடு அரை சதவீதம் மஞ்சள்தூள் சேர்த்தபோது குஞ்சுகளின் கல்லீரலுக்கு நேர்ந்த கேடு ஓரளவு தணிந்தது. விஷத்தை ஈர்த்துப் பிடிக்கும் ஒருவகைக் கனிமக் களிமண்ணோடு சேர்ந்தபோதும் அந்தக் காப்பு காணப்பட்டது. ஓரளவு என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்கிறேன். பூஞ்சை பிடித்த சோளத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி மஞ்சளைத் தூவிச் சரிசெய்துவிடலாமென்று எவரேனும் நினைத்தால், அந்த நஷ்டத்தை மஞ்சள் ஈடு செய்யாது. சோளத்தை நன்றாக உலர்த்துவதே முதல் காப்பு.

இனி குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுத்தமான கொட்டகையில், புதுக் கூளத்தின்மேல், தேர்ந்த கவனிப்பில் நடத்தும் பரிசோதனைகளில் கடைச்சரக்குச் சேர்த்த கோழிக்கும் சேர்க்காத கோழிக்கும் வித்தியாசமே தெரியாமல் போவதுண்டு. போராட எதிரி இல்லாத இடத்தில் ஆயுதத்தின் அருமை தெரிவதில்லை. நெருக்கடியும் வெயிலும் கிருமியும் மிகுந்த சாதாரணப் பண்ணையில் அதே பொருள் பலன் தரலாம். சரக்கின் குணமும் ஒரே நிலையில் இருப்பதில்லை: மஞ்சளில் குர்க்குமின் நூற்றுக்கு இரண்டு பங்கும் இருக்கும், ஐந்து பங்கும் இருக்கும், மண்ணும் ரகமும் அறுவடைக் காலமும் அதை நிர்ணயிக்கின்றன. தீவன ஆலையில் நீராவி பாய்ச்சிக் குருணையாக அழுத்தும்போது எண்பது டிகிரி வரை ஏறும் சூட்டில், மணமெல்லாம் ஆவியாகிப் போகும்; மணத்தோடு மருந்துக் குணமும் போகும். இதற்காகவே எண்ணெய்ச் சாரத்தை நுண்ணிய உறைக்குள் அடைத்துக் குடலில் போய் அவிழும்படி செய்யும் முறைகளைக் கம்பெனிகள் கையாளுகின்றன. வெந்தயம் கொஞ்சமாக இருந்தால் பசியைத் தூண்டும். அதிகமானால் அதன் கொழகொழப்பான நார்ச்சத்து குடலில் உண்டதைக் கெட்டியாக்கி, சத்து உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடும். மிளகில் உள்ள பைப்பரின் வேறொரு வகையில் எச்சரிக்கைக்குரியது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998இல் மனிதர்களிடம் காட்டியபடி, 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்ந்தால் குர்க்குமின் இரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கு உயருகிறது. மஞ்சளுக்கு மிளகு துணை என்று இதைக் கொண்டாடலாம். ஆனால் நோய்க்காக மருந்து கொடுத்திருக்கும் கோழியின் உடம்பில் அம்மருந்தும் நாள்பட நிற்கக்கூடுமாதலால், அந்தச் சமயத்தில் மிளகைத் தீவனத்திலிருந்து எடுத்துவிடுவதே விவேகம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம், கடைச்சரக்கை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடுவது. வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரு வைரஸால் வருவது. ஊசியும் சொட்டு மருந்தும் போடாத கொட்டகையில் அது புகுந்தால், அஞ்சறைப் பெட்டி முழுவதையும் கொட்டினாலும் கோழிகள் பிழைக்கமாட்டா. இரத்தக்கழிச்சலுக்கும் ஈரமில்லாத கூளமே முதல் மருந்து. மூலிகை என்ற பெயரைச் சொல்லிச் சகல ரோக நிவாரணி விற்பவர்கள் எல்லா ஊரிலும் வருகிறார்கள். ஏழைப் பண்ணையாளன் அவர்களிடம் ஏமாந்து, பின்னர் நல்ல சரக்கின்மீதும் நம்பிக்கை இழப்பதைக் காண மனம் வருந்துகிறது.

செலவைப் பார்ப்போம். ஐயாயிரம் கோழிகள் உள்ள ஒரு கொட்டகை ஒரு வளர்ப்பில் பதினாறு டன்னுக்கு மேல் தீவனம் உண்ணும்; அரை சதவீதம் மஞ்சளென்றால் எண்பது கிலோவுக்கு மேல் வேண்டும். மஞ்சள் விலை ஏறிய ஆண்டில் இது சிறிய தொகையன்று. கம்பெனியிடம் குஞ்சும் தீவனமும் பெற்று வளர்ப்புக் கூலிக்கு வளர்ப்பவர், தீவனத்தில் எதைக் கலப்பதென்று தீர்மானிக்கும் உரிமையே இல்லாதவர்; அவர் விஷயத்தில் இந்த முயற்சியைத் தொடங்க வேண்டியவை கம்பெனிகளே. சொந்தத்தில் தீவனம் அரைத்துக்கொள்ளும் முட்டைப் பண்ணைகளுக்கு வழி எளிது. சமையலுக்கு ஏற்காத உடைந்த விரலியும், கேரளத்தில் சாரம் வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் சக்கையும் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். ஆனால் சாரம் போன சக்கையில் சத்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அறியாமல் வாங்குவதில் பயனில்லை. நிறத்துக்காக ஈயக் குரோமேட் பூசிய மஞ்சள் வங்காள தேசத்தில் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில் ஈயத்தைச் சேர்த்ததை 2019இல் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். அத்தகைய மஞ்சள் தீவனத்தில் விழுந்தால் ஈயம் கோழியின் வழியாக நம்மிடமே வந்து சேரும். தீவனத்துக்கென்று வாங்கும் மஞ்சளும் சாப்பாட்டுக்கு வாங்கும் மஞ்சளைப்போல் பரிசுத்தமாக இருக்க வேண்டுமென்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், சோளத்தில் பூஞ்சை விஷம் எவ்வளவென்று அளந்து சொல்லும் தீவனப் பகுப்பாய்வுக் கூடமும் இருக்கின்றன. இரண்டு கொட்டகை வைத்திருக்கும் பண்ணையாளர் ஒருவர், ஒரே நாளில் வந்த ஒரே தரக் குஞ்சுகளை இரண்டிலும் விட்டு, ஒன்றில் மட்டும் ஓமமும் மஞ்சளும் நிர்ணயித்த அளவில் சேர்த்து, உண்ட தீவனம், கூடிய எடை, இறந்த கோழி, கூளத்தின் ஈரம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வரலாம். கோடையில் ஒரு வளர்ப்பு, மழைக்காலத்தில் ஒரு வளர்ப்பு என்று இவ்வாறு சில முறை எழுதிய கணக்குகள் அந்தக் கல்லூரி ஆசிரியர்களின் கைக்குப் போய்ச் சேருமானால், எந்தச் சரக்கை எந்தப் பருவத்தில் ஒரு டன்னுக்கு எத்தனை கிலோ சேர்ப்பதென்று கொங்கு நாட்டுச் சோளத்துக்கும் கொங்கு நாட்டு வெயிலுக்கும் பொருந்தும் அட்டவணை ஒன்றை அவர்களால் வகுத்துத் தர முடியும்.